ஓடுதா, மிஸி?

பிரேமலா நர்ஸ் வேலை கேட்டுப் போன இடங்களை எண்ண ஒரு கை விரல்கள் போதாது. ஜொகூர் பாருவில் நான்கு, கூலாயில் இரண்டு, பாசிர் கூடாங்கில் தொழிற்சாலைக்குள்ளேயே இருக்கும் கிளினிக் ஒன்று. எல்லா இடத்திலும் பேச்சு நன்றாகத்தான் ஆரம்பிக்கும். முந்தி எந்த வார்டு? டயாலிசிஸ். எத்தனை வருஷம்? பதினொன்று. கேட்பவர் முகம் மலரும். "அப்புறம் ஏன் விட்டீங்க?" என்று அடுத்த கேள்வி வரும். அங்கேதான் வண்டி நிற்கும்.

"விடல. நிப்பாட்டிட்டாங்க," என்பாள்.

பொய் சொல்லத் தெரியாதவள் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரே ஒரு பொய் சொல்லி வேலை போனவள் அவள். இன்னொன்றுக்குத் துணிவில்லை, அவ்வளவுதான். சூடு கண்ட பூனை. "நாங்க கூப்பிடுறோம்" என்று கைகுலுக்கி அனுப்புவார்கள். கூப்பிட்டவர் ஒருவரும் இல்லை.

இடையில் ஒன்பது வருஷம் ஓடிவிட்டது. புருஷன் செல்வா விடியுமுன்பே மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி சிங்கப்பூர் வேலைக்குப் போகிறவன். செடெனாக்கில் வீட்டைப் பார்த்துக்கொண்டே பிரேமலா தொழிற்சாலை பஸ் ஏறிப் பெட்டி ஒட்டினாள். தீபாவளிக்கு முந்தின மாதங்களில் கூலாய் சந்தையில் நாத்தனாரின் வளையல் கடையில் நின்றாள். லைசென்ஸைப் புதுப்பிக்க வகுப்பு, பரீட்சை, ஆஸ்பத்திரியில் மேற்பார்வைப் பயிற்சி என்று முழுசாய் ஒரு வருஷம் பிடித்தது. காகிதம் கைக்கு வந்துவிட்டது. காகிதத்தை நம்பி ஆளை நம்ப ஒருவர் வேண்டுமே!

எட்டாவது இடம் குளுவாங்கில், டயர் கடைக்குப் பக்கத்தில், தர்மத்துக்கு நடக்கும் சிறிய டயாலிசிஸ் நிலையம். பன்னிரண்டு மெஷின். பொறுப்பாளர் வசந்தினி சிஸ்டர். சிலோன்காரர் குடும்பம், அப்பா, பெரியப்பா எல்லாரும் அரசாங்க உத்தியோகம். ஐம்பத்தெட்டு வயதிலும் இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாரென்றால் செய்யாத குற்றத்தையும் ஒப்புக்கொள்ளத் தோன்றும். பிரேமலாவுக்கோ செய்த குற்றமே இருந்தது.

"ஏன் நிப்பாட்டினவை?" என்று கேட்டார் வசந்தினி.

பிரேமலா சொன்னாள். சரவணமுத்து என்று ஒரு நோயாளி. டயாலிசிஸ் செய்கிறவர்களுக்குக் கையில் ஒரு தமனியையும் ஒரு சிரையையும் சேர்த்துத் தைத்து, ரத்தம் வேகமாய் ஓடும் பாதை ஒன்றைச் செய்திருப்பார்கள். அந்த வேகத்தில் தோலுக்கடியில் ஓர் அதிர்வு இருக்கும். ஊசி போடுமுன் விரல் வைத்து அதைத் தொட்டுப் பார்க்க வேண்டும். அதிர்வு இருந்தால் ஃபாரத்தில் டிக். அன்றைக்கு இரண்டு நர்ஸ் லீவு. ஓடுகிற ஓட்டத்தில் பிரேமலா ஆறு பேர் ஃபாரத்திலும் காலையிலேயே டிக் போட்டு வைத்துவிட்டாள். எல்லாரும் செய்கிற வழக்கம்தான். சரவணமுத்து கட்டிலில் ஏறிப் படுத்து, நர்ஸை 'மிஸி' என்று கூப்பிடும் வழக்கப்படி, வரும்போதெல்லாம் கேட்பதைப் போலக் கேட்டார்: "ஓடுதா, மிஸி?"

"நான் டியூப எடுத்துக்கிட்டிருந்தேன், சிஸ்டர். திரும்பிக்கூடப் பாக்கல. ஓடுதுங்க அங்கிள்னு சொல்லிட்டேன்."

ஓடவில்லை. உறைந்து போயிருந்தது. மெஷின் காலியாகி, மூன்று மணி நேரம் கழித்து ஊசி போட்டபோதுதான் கண்டுபிடித்தார்கள். கையில் செய்த பாதை கெட்டுப் போய்விட்டது, அதன் பிறகு அவருக்குக் கழுத்தில் குழாய். உப்பைத் தின்றவர் தண்ணீர் குடித்துத்தானே ஆக வேண்டும். பிரேமலாவை அந்த வாரமே அனுப்பிவிட்டார்கள். அது நியாயம்தான் என்று அவளே சொல்லுவாள்.

வசந்தினி சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் மாட்டினார்.

"மூண்டு நாள் வாங்கோ. பிறகு பாப்பம்."

முதல் நாள் பிரேமலா எதையும் தொடவில்லை. பார்க்கத்தான் விட்டார்கள். அவளும் வாயைத் திறந்தபடி பார்த்தாள். பதினொரு வருஷம் செய்த வேலையைப் புதுசாய்ப் பார்க்கிற மாதிரிப் பார்த்தாள் என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் அப்படித்தான் இருந்தது. ஒரு மனுஷனுடைய ரத்தம் அவன் உடம்பை விட்டு வெளியே வருகிறது. மெல்லிய குழாயில் மெஷினைச் சுற்றி, வடிகட்டிக்குள் புகுந்து கசடைக் கழித்துவிட்டு, போன வழி மறக்காமல் அதே கைக்குத் திரும்பி வருகிறது. ஒரு தடவை அல்ல. நாலு மணி நேரம் முழுக்க. அந்த மனுஷனோ கைப்பேசியில் கோழி வியாபாரம் பேசிக்கொண்டிருக்கிறான்! கோயிலில் திரை விலகும்போது கும்பிடத் தூக்கிய கையை இறக்க மறந்து சிலர் நிற்பார்கள். பிரேமலா அப்படி நின்றாள். அந்தக் காலத்தில் இதையெல்லாம் பார்க்கவே நேரம் இருந்ததில்லையே என்று நினைத்தபோது அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது.

இரண்டாம் நாள் எடை பார்த்தாள், ரத்த அழுத்தம் எடுத்தாள். உடன் வேலை செய்யும் நர்ஸ், எல்லாரும் 'கக்', அதாவது அக்கா, என்று கூப்பிடும் நோராவுக்கு இவளைப் பிடித்துப் போயிற்று. நோரா கெட்டிக்காரி. மலாய்க்காரியாக இருந்தாலும் நோயாளிகளிடம் "சாப்பாடு ஆச்சா?" என்று தமிழில் கேட்பாள். இரண்டு காலில் நான்கு காலின் ஓட்டம் ஓடுவாள். ஒரே நேரத்தில் ஒருத்திக்கு ஊசியும் இன்னொருத்திக்குத் தலையணையும் அவளால் கொடுக்க முடியும்.

மூன்றாம் நாள் திங்கட்கிழமை. வெள்ளிக்கிழமைக்குப் பிறகு டயாலிசிஸ் இல்லாததால் நோயாளிகள் உடம்பில் நீர் ஏறி, முகம் உப்பி வருவார்கள். காலை ஆறரைக்குத் தோட்டப்புற வேன் வந்து நின்றது. அதிலிருந்து இறங்கினவர்களில் அங்கம்மாவும் ஒருத்தி. அறுபத்து நாலு வயது, ஒல்லியான உடம்பு, வாய் மட்டும் நல்ல கனம். பிரேமலாவைப் பார்த்ததும், "இன்னிக்கு நீயா எனக்குக் குத்தப் போற, புது மிஸி? மெதுவாக் குத்து. மாமியார் மேல உள்ள கோவத்த எங்கிட்டக் காட்டாத," என்றாள்.

"மாமியார் நல்லவங்கம்மா. உங்களுக்கு அந்தப் பயமே வேணாம்," என்றாள் பிரேமலா. சிரித்தாளே தவிர உள்ளங்கை வேர்த்திருந்தது. ஒன்பது வருஷத்துக்குப் பிறகு இந்த வேலைக்கென்று அவள் தொடப்போகும் முதல் கை. பயிற்சி நடந்த ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் பிரிவுக்கு அவளை அனுப்பவில்லை. பெட்டி ஒட்டிக் காய்த்த விரல்களுக்கு இன்னும் அது தெரியுமோ தெரியாதோ!

நோரா ஃபாரத்தை அவள் கையில் திணித்துவிட்டு ஓடினாள். "டிக் எல்லாம் நான் போட்டுட்டேன். நீ ஊசிய மட்டும் பாரு," என்று மலாயில் சொல்லிவிட்டுப் போனாள். உதவி செய்கிற மனசு.

பிரேமலா ஃபாரத்தைப் பார்த்தாள். "அதிர்வு" என்ற வரிக்கு நேரே கறுப்பு மையில் அழகான டிக். அங்கம்மா அப்போதுதான் நாற்காலியில் ஏறிச் சாய்ந்து கொண்டிருந்தாள். அவளை யாரும் இன்னும் தொடவே இல்லை.

அந்த டிக்கைப் பார்த்ததும் பிரேமலாவுக்குத் தன் கையெழுத்தே ஒன்பது வருஷம் தேடிக்கொண்டு குளுவாங் வரை வந்துவிட்டதா என்றிருந்தது.

கையைக் கழுவினாள். அங்கம்மாவின் இடது முன்கையைத் திருப்பி, மணிக்கட்டுக்குச் சற்று மேலே, தையல் தழும்பின் மீது மூன்று விரலை வைத்தாள்.

துடித்தது. தட், தட், தட். நல்ல பலமான துடிப்பு.

'ஏதோ துடிக்குதே, போதும்' என்றது மனசு. உள்ளே இருந்த பழைய பிரேமலாவின் குரல் அது. நல்ல வேலைக்காரிதான், அவசரக்காரி. அடுத்த நாற்காலியில் ஆள் காத்திருக்கிறார். டிக் ஏற்கெனவே போட்டாயிற்று. மூன்றாம் நாள் வேறு. ஒன்றுமில்லாததற்குக் கூச்சல் போட்டு, "இவளுக்குத் தொட்டுப் பார்க்கக்கூடத் தெரியவில்லை" என்று பெயர் வாங்கினால் இந்தக் கதவும் மூடிவிடும். ஒன்பதாவது இடம் என்று ஒன்று கிடையாது.

"ஓடுதா, மிஸி?" என்று கேட்டாள் அங்கம்மா.

பிரேமலாவின் விரல் அப்படியே நின்றது. கண்ணை மூடிக்கொண்டாள். கதவைத் தட்டுகிற மாதிரித் துடிக்கிறது, சரி. ஆனால் அது இல்லையே. அது வேறு. மடியில் படுத்த பூனை தூங்கும்போது அதன் வயிற்றில் கை வைத்தால் ஓர் உறுமல் விடாமல் ஓடும், அந்த மாதிரி இருக்க வேண்டும். விரலை மேலே நகர்த்தினாள். துடிப்பும் மங்கியது. இன்னும் மேலே போனால் ஒன்றுமே இல்லை. ஓடி வருகிற தண்ணீரை எங்கேயோ அடைத்து வைத்தாற்போல இருந்தது.

"இல்லம்மா," என்றாள். பிறகு அறைக்கே கேட்கும்படி: "சிஸ்டர்! இங்க அதிர்வு இல்ல. துடிப்பு மட்டும்தான் இருக்கு."

வசந்தினி சிஸ்டர் வந்தார். தொட்டார். ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "சரிதான்," என்றார். "எங்கேயோ அடைப்பு. ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணப் போறன்."

அங்கம்மாவின் கனத்த வாய் அடைத்துப் போயிற்று. ஏற்கெனவே வலது கையில் செய்தது ஒரு தடவை கெட்டுப் போனவள் அவள். வலது கையால் இடது சட்டைக் கையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டே அழ ஆரம்பித்தாள். பிடித்த பிடியை மட்டும் விடவில்லை.

பிரேமலா அந்தப் பிடியைப் பார்த்தாள். பிறகு மணிக்கட்டைப் பார்த்தாள். மணிக்கட்டைச் சுற்றி மெல்லிய மஞ்சள் கறை, வளையம் போல. சோப்பில் போகாத கறை. பச்சை மஞ்சளைக் கட்டினால் படிகிற கறை. வசந்தினி சிஸ்டர் சிலுவை போட்ட சங்கிலிக்காரர்; அவருக்கு அது கண்ணில் பட்டிருந்தாலும் மனசில் பட்டிருக்காது. பிரேமலாவுக்குப் பட்டது.

"ம்மா, கோயில்ல காப்புக் கட்டினீங்களா?"

அங்கம்மா சட்டைக் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"காப்பு எங்கம்மா?"

சட்டைக் கையை பிரேமலாவே மெல்ல உருட்டினாள். முழங்கைக்குக் கொஞ்சம் கீழே, தசைக்குள் புதைந்து போய், மஞ்சள் கிழங்கு கோத்த நூல் காப்பு இறுகிக் கிடந்தது. நேற்று மாரியம்மன் கோயிலில் திருவிழாவுக்குக் கட்டியது. பெண்களுக்கு இடது கை என்று வழக்கம். பூசாரி கேட்கவும் இல்லை, இவள் சொல்லவும் இல்லை. மணிக்கட்டில் தொளதொளவென்றுதான் இருந்ததாம். விடிகாலையில் வேனில் வரும்போது, மிஸிகள் பார்த்தால் திட்டுவார்கள், கத்தரித்தும் விடுவார்கள் என்று பயந்து, ஏறுகிற மட்டும் மேலே ஏற்றிச் சட்டைக்குள் ஒளித்துவிட்டாள். நீர் ஏறிய கை. நூல் சிரையை நெரித்துவிட்டது.

"வெட்டிருவீங்கதானே?" என்று விம்மினாள். "வெட்டாதீங்க, மிஸி. வேற எதுக்கும் கட்டல. இந்தக் கை கெடாம இருக்கணும்னு வேண்டிக்கிட்டுத்தான் கட்டினேன். பால்குடம் எடுக்குறேன்னு சொல்லியிருக்கேன்."

நோரா கத்தரியோடு வந்து நின்றாள். சாமிக் கயிறு என்று தெரிந்ததும் கை பின்வாங்கியது. வசந்தினி சிஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தார். பிரேமலாவுக்கும் உள்ளூர நடுக்கம்தான். காப்பை நடுவில் அறுக்கக் கூடாது என்று கேட்டு வளர்ந்த பிள்ளை அவளும்.

"ஒரு நிமிஷம் குடுங்க, சிஸ்டர். வரலன்னா நானே வெட்டிடுறேன்."

சோப்பும் தண்ணீரும் கொண்டுவரச் சொன்னாள். கூலாய் சந்தையில், கண்ணாடி வளையலுக்குக் கை கொடுத்துவிட்டு, "ஐயோ ஏறாது, ஏறாது" என்று அலறிய எத்தனை தடித்த கைகளைப் பார்த்தவள் அவள்! சோப்பு நுரையை நூலுக்கு அடியில் விட்டாள். தசையை அமுக்காமல், தோலை மட்டும் மேலே இழுத்து, நூலைக் கீழே நழுவவிட்டாள். அரை அங்குலம். இன்னும் அரை அங்குலம். முன்கை சிறுத்த இடத்துக்கு வந்ததும் நூல் தானாகவே தளர்ந்து மணிக்கட்டில் விழுந்தது.

"இப்ப விரலெல்லாம் குவிங்க. கட்டைவிரல உள்ள மடக்குங்க. கடையில வளையல் போடுற மாதிரி. மூச்ச விடுங்கம்மா."

விரல் முட்டியில் ஒரு முறை நின்றது. கொஞ்சம் சோப்பு, கொஞ்சம் திருகு. முடிச்சு அவிழாமல், கிழங்கு உதிராமல், காப்பு முழுசாய் பிரேமலாவின் உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது. வீணாய்ப் போயிற்று என்று அவள் நினைத்திருந்த அந்த வருஷங்களில் கற்றது இது. நர்ஸ் பள்ளிக்கூடத்தில் எவரும் சொல்லித் தரவில்லை.

அங்கம்மா அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, தானே சோப்புப் போட்டு வலது கையில் மாட்டிக்கொண்டாள். "ஆம்பளைங்க கட்டுற கை. பரவால்ல, ஆத்தாவுக்கு ஆளு தெரியும்," என்றாள் மூக்கை உறிஞ்சியபடி.

யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் பிரேமலாவின் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் மறுபடியும் தழும்பின் மேல் கை வைத்திருந்தாள்.

தட், தட். அதே கதவு தட்டல். உறைந்துதான் போயிற்றா? அவள் தன் மூச்சை நிறுத்திக்கொண்டாள். தட், தட். பக்கத்து டயர் கடையில் காற்றடிக்கும் மெஷின் சத்தம் போட்டு ஓய்ந்தது.

பிறகு வந்தது.

முதலில் ஒரு சின்னக் கூச்சம் போல, இருக்கிறதா இல்லையா என்று. அடுத்து ஒரு முனகல். அப்புறம் அடைத்த மடை திறந்தாற்போல, விரலுக்கடியில் சரசரவென்று அந்த உறுமல் எழுந்து மேலே ஓடியது. விரலை நகர்த்தினாள், அங்கேயும் இருந்தது. முழங்கை வரைக்கும் இருந்தது. பிரேமலாவுக்கு உச்சந்தலை வரை சிலிர்த்தது. கத்தி எடுத்த யாரோ ஒரு டாக்டர் தைத்துவிட்டது; கடவுள் போட்ட வரைபடத்தில் இல்லாத பாதை; அதில் ரத்தம் தானாகவே ஓடி ஓசை எழுப்பிக்கொண்டு, ஒல்லிக் கிழவி ஒருத்தியை உயிரோடு வைத்திருக்கிறது. இதையா அன்றைக்குத் தொடாமல் விட்டேன்? இதைத் தொட அல்லவா சம்பளம் கொடுத்தார்கள்! கண்ணில் நீர் வழிந்தது. துடைக்கக் கையை எடுக்க மனம் வரவில்லை.

வசந்தினி சிஸ்டர் தானும் தொட்டுப் பார்த்தார். ஸ்டெதஸ்கோப்பில் வெகுநேரம் கேட்டார். டாக்டருக்குப் போன் போட்டு விவரம் சொல்லி, அரைமணி பார்த்துவிட்டு ஊசி போடலாம் என்று உத்தரவு வாங்கினார். எல்லாம் முடிந்த பிறகுதான் ஃபாரத்தைக் கையில் எடுத்தார். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"டிக் இருக்கு. நேரம் ஆறு முப்பது எண்டு போட்டிருக்கு. ஆர் போட்டது?"

பிரேமலா அங்கம்மாவின் தழும்பையே பார்த்தாள். அவள் நோராவைப் பார்க்கவில்லை. பார்த்தாலே காட்டிக்கொடுத்த மாதிரி. பொய்யும் சொல்ல முடியாது. என்ன சொல்வதென்று அவள் தவித்துக்கொண்டிருக்கும்போதே, "நான்தான் போட்டேன், சிஸ்டர்," என்று மலாயில் சொன்னாள் நோரா. முகம் வெளுத்திருந்தது. "தொட்டுப் பாக்கல."

அந்த முகம் பிரேமலாவுக்குத் தெரிந்த முகம். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரிக் கழிவறைக் கண்ணாடியில் பார்த்தது.

வசந்தினி ஃபாரத்தை மேஜை மேல் வைத்தார். பிறகு நோராவை விட்டுவிட்டு பிரேமலா பக்கம் திரும்பினார். "நீங்கள் சொல்லுங்கோ. உங்களை அண்டைக்கு என்ன செய்திருக்க வேணும்?"

வேலை வேண்டி வந்தவளிடம் கேட்கிற கேள்வியா இது! பிரேமலா யோசித்தாள்.

"நிப்பாட்டினது சரிதான், சிஸ்டர். ஆனா அதுக்கு முந்தி ஒரே ஒரு தடவ, ஓடுற ஒரு கையப் பிடிச்சுப் பாருன்னு சொல்லியிருக்கலாம். எதத் தொலைச்சேன்னு தெரிஞ்சிருக்கும்."

சொல்லிவிட்டு அவளே எட்டி நோராவின் கையைப் பிடித்தாள். குளிர்ந்திருந்தது. கழுவச் சொல்லி, ஈரம் துடைக்கச் சொல்லி, அந்த விரல்களைக் கொண்டுபோய் அங்கம்மாவின் தழும்பு மேல் வைத்தாள். "அமுக்காத. சும்மா வை. அவசரமே இல்ல."

நோரா ஆயிரம் கை தொட்டவள். ஆனால் நின்று தொட்டு எத்தனை வருஷம் ஆயிற்றோ. முதலில் அவள் கண் அடுத்த நாற்காலிக்கு ஓடியது. அப்புறம் ஓடவில்லை. மெல்ல மெல்ல அவள் புருவம் உயர்ந்தது.

வசந்தினி சிஸ்டர் ஃபாரத்தில் இருந்த டிக்கை ஒரு கோடு போட்டு அடித்தார். பக்கத்தில் தன் கையெழுத்தைப் போட்டார். "நோரா, வேலை முடிஞ்ச பிறகு என்ர அறைக்கு வா. இண்டைக்கு நடந்ததை நீயே எழுதித் தர வேணும்," என்றார். பேனாவை பிரேமலாவிடம் நீட்டினார். "டிக் வேண்டாம். என்ன இருந்தது எண்டு வசனமா எழுதுங்கோ, எத்தனை மணிக்கு எண்டும். நாளையில இருந்து எல்லாரும் அப்பிடித்தான். நாளைக்கும் ஆறு மணிக்கு வாங்கோ. அதுக்கு அடுத்த நாளும்."

பிரேமலாவுக்கு அது வேலை கிடைத்த செய்தி என்று புரியக் கொஞ்சம் நேரம் பிடித்தது. பிறகு பேனாவை வாங்கிக்கொண்டாள்.

எல்லாரும் தன்னை மறந்துவிட்டார்களோ என்று அங்கம்மாவுக்குச் சந்தேகம். "யாராச்சும் சொல்லுங்களேன்," என்றாள். "ஓடுதா, மிஸி?"

பிரேமலா வாயெடுத்தாள். பிறகு நிறுத்திக்கொண்டு நோராவைப் பார்த்தாள். நோரா கையை எடுக்காமல், இன்னும் ஒரு கணம் தொட்டிருந்துவிட்டு, தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள்:

"ஓடுது, ஆச்சி."